சிசிடிவி ரெக்கார்டிங் எத்தனை நாள் நிக்கும்? பிட், பைட், ஜிபி கணக்கு

கேமரா மாட்டுற இடத்துல எல்லாம் மொத கேள்வி ரேட்டு, ரெண்டாவது கேள்வி "ரெக்கார்டிங் எத்தனை நாள் நிக்கும்?" மளிகைக்கடையா இருந்தாலும் சரி, கல்யாண மண்டபமா இருந்தாலும் சரி, இந்த ரெண்டும் கண்டிப்பா வரும். நெறைய பேர் "ஒரு டிபி ஹார்டுடிஸ்க் போட்டா பத்துப் பதினஞ்சு நாள் வரும்ணே"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிருவாங்க, அது சில இடத்துல சரியா இருக்கும், சில இடத்துல மூணாவது நாளே பழசு அழிஞ்சிருக்கும், அதுவும் திருட்டு நடந்து நாலு நாள் கழிச்சுத்தான் கடைக்காரர் பாக்கணும்னு வருவாரு, அப்ப அங்க ஒண்ணும் இருக்காது. இந்தத் தொழில்ல எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இதுதான். ஏன்னா இதை ஒரு பேப்பர்லயே முன்கூட்டி போட்டுப் பாத்துரலாம், பெரிய படிப்பெல்லாம் வேணாம், எட்டால வகுக்கத் தெரிஞ்சா போதும்.

டிவிஆர், அதாவது கேமராப் படத்த ரெக்கார்டு பண்ற பெட்டி, அதோட மெனுவுக்குள்ள போனா ஒவ்வொரு கேமராவுக்கும் பிட்ரேட்னு ஒரு இடம் இருக்கும், அதுல 1024, 2048, 4096னு நம்பர் காட்டும். ரெண்டு மெகாபிக்சல் கேமராவுக்கு 2048 வெச்சிருக்கோம்னு எடுத்துக்குவோம். அது கிலோபிட், செகண்டுக்கு. கிலோபைட் இல்ல. பிட்ங்கிறது ஒரே ஒரு சுழியோ ஒண்ணோ, எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட். ஹார்டுடிஸ்க் அளவு பூரா பைட்ல சொல்றது, வயர்ல ஓடுற ஸ்பீடு பூரா பிட்ல சொல்றது, இந்த ஒண்ணு மனசுல நின்னுட்டா பாதிக் குழப்பம் போயிரும். இங்கிலீஷ்ல எழுதும்போது பிட்டுக்கு சின்ன பி, பைட்டுக்கு பெரிய பி, அவ்ளோதான் வித்தியாசம், நோட்டீஸ் அடிக்கிறவங்க அதைக் கண்டுக்கிறதே இல்ல.

சரி, 2048ஐ எட்டால வகுத்தா 256. அதாவது ஒரு கேமரா ஒவ்வொரு செகண்டும் 256 கிலோபைட் எழுதுது. ஒரு மணி நேரத்துக்கு 3600 செகண்ட், பெருக்கினா 9,21,600 கேபி, அதாவது ஏறக்குறைய 0.92 ஜிபி. ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம், 22.1 ஜிபி. நாலு கேமரான்னா 88.5 ஜிபி. ஒரு டிபிங்கிறது 1000 ஜிபி, 88.5ஆல வகுத்தா 11.3 நாள். அப்ப அந்த "பத்துப் பதினஞ்சு நாள்" நாலு கேமராவுக்கு சரிதான். ஆனா அதே ஆளு பதினாறு கேமரா இருக்குற கடைக்கும் அதே ஒரு டிபிய மாட்டிட்டு அதே வார்த்தைய சொன்னாருன்னா? 16 கேமராவுக்கு ஒரு நாளைக்கு 354 ஜிபி, மூணு நாள்கூட முழுசா வராது.

முப்பது நாள் வேணும்னு கேக்குறவங்களுக்கு நாலு கேமராவுக்கே 2,650 ஜிபிக்கு மேல ஆகுது, மூணு டிபி போட்டா ஒட்டி ஒட்டி வரும், நான் நாலு டிபிதான் போடச் சொல்லுவேன். மைக் இருக்குற கேமரான்னா சவுண்டுக்கும் தனியா ஆகும், 64 கிலோபிட்ல ரெக்கார்டு ஆச்சுன்னா செகண்டுக்கு 8 கேபி, ஒரு நாளைக்கு சுமார் 0.7 ஜிபி, பெருசா ஒண்ணும் இல்ல. எச் 265ங்கிற, வீடியோவ இன்னும் சுருக்கி எழுதுற கம்ப்ரஷன் இருக்குற மாடல்னா அதே குவாலிட்டிக்கு ஏறக்குறைய பாதி பிட்ரேட் வெச்சா போதும்னு சொல்றாங்க, வெச்சா நாள் ரெண்டு மடங்காகும். ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் ரெக்கார்டு ஆகுற மாதிரி வெச்சா இன்னும் கூடும், ஆனா அது எவ்ளோன்னு முன்கூட்டி சொல்ல முடியாது, தெருவப் பாத்த கேமராவுல நாய் போனாலும் ரெக்கார்டு ஆகும், அதனால நான் எப்பவும் முழு நேரக் கணக்குதான் போட்டு சொல்றது, அதுக்கு மேல கெடைச்சா லாபம்.

இப்ப இதுல ஒரு சிக்கல் வரும். புது ஒரு டிபி டிஸ்க்க மாட்டி ஃபார்மட் பண்ணினதும் ஸ்க்ரீன்ல 931 ஜிபின்னு காட்டும். கடைக்காரர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு, "ஆயிரம்னு சொன்னீங்க, 69 ஜிபி எங்க போச்சு, டூப்ளிகேட்டா?"ன்னு கேப்பாரு. நியாயமான கேள்வி. காசு குடுத்து வாங்கினவர் கேக்கத்தான் செய்வாரு. இதுக்கு "ஃபார்மட் பண்ணினா கொஞ்சம் போயிரும் சார்"னு ஒரு பதில் ஊர் பூரா சொல்றாங்க, அது தப்பு. ஃபார்மட்டுக்கு கொஞ்சம் எடம் போறது உண்மைதான், ஆனா அது ரொம்பக் கம்மி, இந்த 69க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த 69ல ஒரு பைட்கூட எங்கயும் போகல.

ஒரு டெராபைட்னு கம்பெனிக்காரன் விக்கிறது ஒரு லட்சம் கோடி பைட். எண்ணிப் பாத்தா அது முழுசா உள்ள இருக்கும். கிலோன்னா ஆயிரம், மெகான்னா பத்து லட்சம், கிகான்னா நூறு கோடி, டெரான்னா லட்சம் கோடி, இது கிலோமீட்டர் கிலோகிராம் எல்லாத்துக்கும் உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு. ஆனா விண்டோஸ் அந்த லட்சம் கோடிய ஆயிரத்தால வகுக்கிறது இல்ல, 1024ஆல மூணு தடவ வகுக்குது. மொத தடவ 97,65,62,500, ரெண்டாவது தடவ 9,53,674, மூணாவது தடவ 931. வகுத்துட்டு பக்கத்துல ஜிபின்னே எழுதிருது. நெறைய டிவிஆரும் இதே மாதிரிதான் காட்டுது. டிஸ்க் குறையல, அளக்குற படி வேற. நெல்லு அளக்குறதுக்கு ஒரு காலத்துல ஊருக்கு ஊர் படி மாறும், எந்த ஊர்ப் படின்னு கேட்டுட்டுத்தான் வெலையே பேசுவாங்க, இங்க கேக்காமலே பேசிட்டு இருக்கோம்.

1024 எங்கருந்து வந்துச்சுன்னா மெமரி சிப்புல இருந்து. சிப்புக்குள்ள ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு விலாசம் வேணும், அந்த விலாசம் ஆன் ஆஃப் வயர்லதான் போகும், பத்து வயர் இருந்தா ரெண்ட பத்து தடவ பெருக்கினா எவ்ளோவோ அவ்ளோ எடம், 1024. ஆயிரத்துல நிறுத்தணும்னா 24 எடம் வீணாகும், அதனால 1024ஆவே செஞ்சாங்க, ஆயிரத்துக்குப் பக்கத்துல இருக்கேன்னு அதையே கிலோன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. அப்ப எல்லாம் சில கிலோபைட்தான் மெமரியே, வித்தியாசம் 2.4 சதவீதம், யாரும் கவலப்படல. ஆனா அது ஏற ஏற பெருக்கிக்கிட்டே போகுதே! மெகாவுல 4.9 சதவீதம், கிகாவுல 7.4, டெராவுல ஏறக்குறைய 10 சதவீதம், பெட்டான்னா 12.6. அதனாலதான் 500 ஜிபி டிஸ்க் வாங்கின காலத்துல 465னு பாத்து சும்மா இருந்தவங்க, இப்ப நாலு டிபி வாங்கி 3.63னு பாத்ததும் பதறுறாங்க.

ரேம் இன்னிக்கும் 1024 கணக்குதான், 8 ஜிபி ரேம்னா உண்மையிலயே 858 கோடியே 99 லட்சத்துச் சொச்சம் பைட் இருக்கும், 800 கோடி இல்ல. அது சிப் செய்யுற விதத்துல இருந்து வர்றது, அதுல தப்பில்ல. ஹார்டுடிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்ல, தட்டுல எத்தன டிராக் (வட்டக் கோடு), அதுல எத்தன செக்டார் (கோட்டுல ஒரு துண்டு) வருதோ அத்தன. செக்டார் மட்டும் 512 பைட், இல்லன்னா 4096.

பழைய ஃப்ளாப்பி ஞாபகம் இருக்கா, 1.44 எம்பின்னு போட்டிருக்கும். அது ரெண்டு கணக்குலயும் வராது, அதுதான் விசேஷம். ஒரு பக்கத்துக்கு 80 டிராக், ரெண்டு பக்கம், ஒரு டிராக்குக்கு 18 செக்டார், ஒரு செக்டாருக்கு 512 பைட், பெருக்கினா 14,74,560 பைட். ஆயிரம் கணக்குல 1.47 எம்பி, 1024 கணக்குல 1.41. அப்ப 1.44? மொத தடவ 1024ஆல வகுத்து 1440 ஆக்கிட்டு, அடுத்த தடவ ஆயிரத்தால வகுத்துட்டாங்க. ரெண்டையும் கலந்து ஒரு நம்பர், உலகம் பூரா அத்தன வருஷம் அதுதான் ஓடுச்சு. சிடிய எடுத்துக்கிட்டா 80 நிமிஷ சிடில 73 கோடியே 72 லட்சம் பைட் புடிக்கும், 700 எம்பின்னு போட்டது 1024 கணக்கு. அடுத்து வந்த டிவிடில 4.7 ஜிபின்னு போட்டது ஆயிரம் கணக்கு, ரைட் பண்ணப் போனா 4.37னு காட்டும், டிவிடி எழுதிக் குடுத்த காலத்து ஆளுங்களுக்கு அந்த 4.37 மறக்கவே மறக்காது, கல்யாண வீடியோ கடைசி பத்து நிமிஷம் உள்ள போகாம நிக்கும். ஒரே மாதிரி வட்டத் தகடு, ஒண்ணுல ஒரு கணக்கு, இன்னொண்ணுல இன்னொரு கணக்கு.

இத சரி பண்ண ஆளு இல்லாம இல்ல. ஐஇசிங்கிற உலகத் தர அமைப்பு 1998லயே தனிப் பேரு குடுத்துட்டாங்க, 1024 கணக்குன்னா நடுவுல ஒரு ஐ போடணும், கேஐபி, எம்ஐபி, ஜிஐபி, டிஐபின்னு. ஐ இல்லன்னா ஆயிரம், ஐ இருந்தா 1024, அவ்ளோ சுலபம். ஆப்பிள் 2009ல மேக்குல ஆயிரம் கணக்குக்கு மாறிட்டாங்க, அதுல ஒரு டிபி டிஸ்க் மாட்டினா ஒரு டிபின்னே காட்டும். லினக்ஸ்ல நெறைய டூல் ஜிஐபின்னு சரியா எழுதுது. விண்டோஸ் மட்டும் வகுக்குறது 1024ஆல, எழுதுறது ஜிபின்னு. என்னோட கருத்து இதுல ரொம்பத் தெளிவு: 931க்குப் பக்கத்துல ஒரே ஒரு ஐ போட்டிருந்தா இத்தன கோடிப் பேருக்கு ஏமாந்துட்டோமோங்கிற எண்ணமே வந்திருக்காது. எல்லாரும் டிஸ்க் கம்பெனியத்தான் திட்டுறாங்க. அமெரிக்காவுல கேஸே போட்டாங்க, வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006லயும் சீகேட் 2007லயும் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. இப்ப டிஸ்க் டப்பாவுல பொடி எழுத்துல ஒரு ஜிபின்னா நூறு கோடி பைட்னு போட்டிருக்கும், பாருங்க.

சிசிடிவிக்குத் திரும்பினா, இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். மேல நாலு கேமராவுக்கு 88.5னு போட்டது ஆயிரம் கணக்கு ஜிபி. ஸ்க்ரீன்ல காட்டுற 931 1024 கணக்கு. 931ஐ 88.5ஆல வகுத்தா 10.5 நாள்னு வரும், அது தப்பு. 88.5ஐயும் 1024 கணக்குக்கு மாத்தினா 82.4, 931ஐ 82.4ஆல வகுத்தா மறுபடி 11.3 நாள். எந்தக் கணக்குல வேணா போடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா இருக்கணும். குழப்பமா இருந்தா பைட்டுக்கு எறங்கிருங்க, பைட்ல எந்தக் கருத்து வேறுபாடும் கெடையாது. விண்டோஸ்லயே டிஸ்க்க ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா ஜிபிக்குப் பக்கத்துல முழு பைட் நம்பரும் இருக்கும்.

நெட் ஸ்பீடு இதைவிட சுலபம். "100 எம்பி லைன்"னு வாயில சொல்றது 100 மெகாபிட், எட்டால வகுத்தா செகண்டுக்கு 12.5 மெகாபைட், டவுன்லோடு பண்ணும்போது ப்ரவுசர் காட்டுறது இந்த 12.5க்குப் பக்கத்துல ஏதாவது நம்பர். லைன்காரர் ஏமாத்தல. (வைஃபை மொக்கையா இருக்குறது தனிக் கதை.) இந்தியாவுல 2004 பிராட்பேண்ட் கொள்கைல பிராட்பேண்டுன்னு சொல்லிக்க குறைஞ்சபட்சம் 256 கிலோபிட் போதும்னு இருந்துச்சு, அது செகண்டுக்கு 32 கேபி, ஒரு 5 எம்பி பாட்டு எறங்க ரெண்டரை நிமிஷத்துக்கு மேல. 2023ல அதை 2 மெகாபிட் ஆக்கினாங்க, 250 கேபி.

போன் ரீசார்ஜ்ல இருந்து ஒரு கணக்கு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, ரொம்ப உதவும்: ஒரு மெகாபிட் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரம் ஓடினா 450 எம்பி. ரெண்டு மெகாபிட்ல மேட்ச் பாத்தா மணிக்கு 900 எம்பி, தினம் 1.5 ஜிபி பேக்ல ஒரு மணி நாப்பது நிமிஷம்தான் வரும், சேஸிங் ஆரம்பிக்கிற நேரத்துல டேட்டா முடியும். முடிஞ்சப்புறம் 64 கிலோபிட்னு சொல்லுவாங்களே, அது செகண்டுக்கு 8 கேபி, ஒரு 4 எம்பி போட்டோ வர எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதனாலதான் வாட்ஸப்ல எழுத்து மட்டும் வந்து படம் சுத்திக்கிட்டே இருக்கு. கடைக் கேமராவ போன்ல பாக்குறவங்க மெயின் ஸ்ட்ரீம்ல பாக்காம சப் ஸ்ட்ரீம்ல (அதே கேமராவோட கம்மி பிட்ரேட் படம்) பாருங்க, 512 கிலோபிட்ல வெச்சா மணிக்கு 230 எம்பியோட போகும்.

அப்புறம் இந்த கேபி. பரீட்சைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ற புள்ளைங்க ப்ரவுசிங் சென்டர்ல நின்னு தவிக்கிறத அடிக்கடி பாக்குறேன். வங்கித் தேர்வு ஐபிபிஎஸ் ஃபார்ம்ல போட்டோ 20ல இருந்து 50 கேபி, கையெழுத்து 10ல இருந்து 20 கேபின்னு கேக்குறாங்க. 50 கேபிங்கிறது 50,000 பைட்டா 51,200 பைட்டான்னு ஃபார்ம்ல இருக்காது, அதனால 45 கேபிக்குக் கொண்டு வந்துருங்க, எந்தக் கணக்குல பாத்தாலும் உள்ள போயிரும். இன்னொண்ணு, ப்ராப்பர்ட்டீஸ்ல ரெண்டு சைஸ் காட்டும், ஃபைலோட சைஸ் ஒண்ணு, டிஸ்க்ல புடிச்ச எடம் ஒண்ணு. டிஸ்க்ல 4 கேபி 4 கேபி துண்டாத்தான் எடம் குடுக்கும், அதனால 49.5 கேபி போட்டோ டிஸ்க்ல 52 கேபின்னு காட்டும். அதப் பாத்துட்டு மறுபடி மறுபடி போட்டோவக் குறைச்சு மூஞ்சியே தெரியாம ஆக்கிராதீங்க, ஃபார்ம் பாக்குறது மொத சைஸ்தான். மெயில்ல அனுப்புறவங்களுக்கும் ஒண்ணு, ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும்னு போட்டிருந்தாலும் மெயில் போகும்போது மூணு பைட்ட நாலு பைட்டா மாத்தித்தான் போகும், அதனால 18 எம்பிக்கு மேல இருந்தா டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்புறது நல்லது.

பென்டிரைவ்ல படம் ஏத்தி டிவில போடுறவங்களுக்கு "ஃபைல் பெருசா இருக்கு"ன்னு வரும், பென்டிரைவ்ல பாதிக்கு மேல எடம் காலியா இருந்தாலும் வரும். ஃபேட்32 ஃபார்மட்ல ஒரு ஃபைல் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டத் தாண்டக் கூடாது. மேக்குல 4.2 ஜிபின்னு காட்டுற படம் உள்ள போகும், விண்டோஸ்ல 4.2னு காட்டுற படம் போகாது, ஏன்னு மேல படிச்சவங்களுக்குத் தெரியும். எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணினா இந்தத் தொல்லை இல்ல, டிவி அத எடுத்துக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கடைசியா நம்ம எழுத்து. இன்னிக்கு நெட்ல எழுதுற தமிழ் பெரும்பாலும் யுடிஎஃப்-8ங்கிற, எழுத்த பைட்டா மாத்துற முறைல இருக்கு, அதுல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூணு பைட், இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். குறியீடுன்னு சொல்றேன், எழுத்துன்னு சொல்லல, ஏன்னா புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணும். வணக்கம்னு எழுதினா நமக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு குறியீடு, 21 பைட். தமிழுக்குன்னே இருந்த பழைய டிஸ்கி முறைல அஞ்சே பைட்ல முடிஞ்சிரும். மூணு மடங்கு நாலு மடங்கு வீணாப் போகுதேன்னு ஒரு காலத்துல நெறைய பேர் குறைப்பட்டாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு பக்கத்துக்கு 1500 குறியீடுன்னு வெச்சு 200 பக்கப் புத்தகத்த கணக்குப் போட்டா 9 லட்சம் பைட், 0.9 எம்பி. போன்ல எடுக்குற ஒரு 4 எம்பி போட்டோ எடத்துல நாலு புத்தகம் உக்காந்துரும். எல்லா ஊர்லயும் எல்லா மெஷின்லயும் தமிழ் கட்டம் கட்டமா இல்லாம தமிழாவே தெரியுறதுக்கு இது ஒரு செலவே இல்ல.

ஆனா எஸ்எம்எஸ்ல மட்டும் இது உண்மையிலயே கையக் கடிக்கும். ஒரு எஸ்எம்எஸ்ஸோட அளவு 140 பைட். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு 7 பிட்தான், 140 பைட்னா 1120 பிட், ஏழால வகுத்தா 160 எழுத்து. தமிழ் அங்க குறியீட்டுக்கு ரெண்டு பைட்டாப் போகும், அதனால 70 குறியீடுதான், அதத் தாண்டினா ஒவ்வொரு மெசேஜுக்கும் 67 ஆகிரும், ஏன்னா துண்டுகளச் சேத்துக் காட்டுறதுக்குக் கொஞ்சம் பைட் போயிருது. பள்ளிக்கூடத்துல இருந்து பெற்றோருக்கு மொத்தமா மெசேஜ் அனுப்புறவங்க ஒரு வரி கூடினா ரெண்டு மெசேஜ் காசு ஆகும், ஆயிரம் பேருக்குன்னா ஆயிரம் மெசேஜ் கூடுதல். அதுக்காகத் தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்பாதீங்க. "மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்"ங்கிற இந்த ஒரு வரியே 38 குறியீடு புடிக்கும், எடைவெளியும் சேத்து. அத எடுத்துட்டு நேரா "நாளை பள்ளி விடுமுறை"ன்னு ஆரம்பிச்சாலே பாதி எஸ்எம்எஸ் மிச்சம்.